நீர்மேல் எழுத்தா?

வட அமெரிக்காவின் மேற்குப் பாகத்தில் கொலம்பியா என்றொரு மகாநதி உண்டு. அது கனடா தேசத்து மலைகளில் உற்பத்தியாகி, 1,200 மைலுக்கு மேல் ஓடிப் பஸிபிக் சமுத்திரத்தில் சேர்கிறது. அந்நதியின் பெருமைக்கு முக்கிய காரணம் ஸால்மன் என்னும் மீன். முற்காலத்தில் வருஷந்தோறும் ஒரு கோடிக்கு மேற்பட்ட ஸால்மன்கள் கடலினின்று அதில் ஏறி வந்தன என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுகின்றனர். இக்காலத்தில் வருவன சுமார் 20 லக்ஷமே. அவற்றிலும் பெரும்பகுதி பண்ணைகளில் மனிதர் குஞ்சு பொரித்து விட்டவை.

இம்மீன்களுள் வசந்த காலத்தில் வருவனவே தலைசிறந்தவை. நமது பங்குனி, சித்திரை மாதங்களில் அவை நதிக்குள் புகுகின்றன. புகுந்த பின் இரை தின்பதில்லை. உடலில் சேர்த்த கொழுப்பையே கட்டுச்சோறாகக் கொண்டு பல மாதங்கள் எதிர்நீச்சலிட்டு, முட்டையிட்டு மடிகின்றன. அவற்றுள் சில ஸ்நேக் என்னும் கிளைநதி வழியாகக் கடலினின்று சுமார் 900 மைல் சென்று, 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஓடைகளை அடைகின்றன. அக்கரையில் வாழும் பூர்வகுடிகள் ஆண்டின் முதல் மீனை வரவேற்றுப் பூஜித்துப் பகிர்ந்துண்டு, அதன் பின்னரே மீன்பிடி தொடங்குவர். நமது உழவருக்குப் புதிரிடுதல் எத்தகையதோ, அவர்களுக்கு அது அத்தகையது.

இவ்வளம் குன்றியது எவ்வாறு? 1866-ம் வருஷத்தில் அந்நதிக்கரையில் மீனைத் தகரக் குப்பிகளிலடைக்கும் முதல் தொழிற்சாலை ஏற்பட்டது. 1883-ல் பிடிபட்ட ஸால்மனின் எடை 4 கோடி பவுண்டுக்கு மேல். கொழுத்த வசந்த மீனையும் கோடை மீனையுமே முதலாளிகள் விரும்பியபடியால், முதலில் அழிவுற்றவையும் அவையே.

பேராசை தொடங்கியதை அணைகள் முடித்தன. 1938-ல் பானவில் அணை திறக்கப்பட்டது. அதில் மீன் ஏறப் படிக்கட்டுகளேனும் அமைத்தனர். 1942-ல் முடிவுற்ற கிராண்ட் கூலி அணையில் அதுவும் இல்லை. அதற்கு மேலுள்ள நூற்றுக்கணக்கான மைல் நீர் ஸால்மனுக்கு அடைபட்டது. 1940-ம் வருஷம் ஜூன் மாதத்தில், மூழ்கவிருந்த கெட்டில் அருவியண்டை பூர்வகுடிகள் திரண்டு, அதற்கு விடைகொடுக்கும் அழுகைச் சடங்கு நடத்தினர். 1957 மார்ச்சு 10-ந் தேதி டாலஸ் அணையின் கதவுகள் அடைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மீன்பிடி துறையாகவும் சந்தையாகவும் விளங்கிய ஸெலிலோ அருவி, சில மணி நேரத்திற்குள் நீரில் மறைந்தது. பின்னர் 1975-க்குள் ஸ்நேக் நதியின் கீழ்ப்பாகத்தில் நான்கு அணைகள் எழுந்தன. ஆகவே மேல் ஓடைகளில் பிறந்த குஞ்சு எட்டு அணைகளைக் கடந்தே கடலைக் காணவேண்டும். முன்னர் பனியுருகிய வெள்ளமே அதைக் கொண்டுசேர்த்தது. இப்போதோ தேங்கிச் சூடேறிய நீரில், பகை மீன்களுக்கும் யந்திரச் சக்கரங்களுக்கும் தப்பித் தானே நீந்தவேண்டியிருக்கிறது.

இஃது இயற்கை நூலாரின் விஷயமன்றோ, இப்பத்திரத்தில் எதற்கு என்று நேயர்கள் வினவலாம். விடை ஒரு பழைய பத்திரத்தில் இருக்கிறது. 1855-ல் யாக்கமா, உமடில்லா, நெஸ்பர்ஸ், வார்ம் ஸ்பிரிங்ஸ் குடிகள் அமெரிக்க சர்க்காருடன் உடன்படிக்கைகள் செய்து, லக்ஷக்கணக்கான ஏக்கர் நிலத்தை விட்டுக்கொடுத்தனர். ஆயின் வழக்கமான துறைகளில் மீன்பிடிக்கும் பாத்தியதையைத் தம்மிடமே நிறுத்திக்கொண்டனர். நதிக்கரையில் நிலம் வாங்கிய தனவந்தர் வழிமறித்தபோது, 1905-ல் அத்தேசத்துத் தலைமை நியாயஸ்தலம் தெளிவாகத் தீர்ப்பளித்தது: உடன்படிக்கையில் கொடுத்தவர் பூர்வகுடிகள், பெற்றவர் சர்க்கார், கொடுக்காதது கொடுக்காதவருடையதே. 1969-ல் மற்றொரு நீதிபதி அக்குடிகளுக்கு நியாயமான பங்கு உண்டென்றார். 1974-ல் அப்பங்கு சரிபாதி என்றாயிற்று.

சட்டம் கற்றவர்கள் ஈண்டு சற்று நின்று யோசிக்கவேண்டும். நியாயஸ்தலம் மீனில் பாதி என்கிறது. மீனோ நதியில் இல்லை. பூஜ்யத்தில் பாதி பூஜ்யமே. வலையைப் பிடுங்கினாலன்றோ வழக்காடலாம்? வலையைக் கையில் விட்டு மீனை வராமற் செய்தவன் மீது என்ன வழக்கு? ஸெலிலோவுக்காக நஷ்ட ஈடு கொடுத்தனர், மெய்தான். ஆயினும் அருவிக்கு விலை மதித்தோர் எந்தத் தராசில் நிறுத்தனர்? இழப்புக்கு ஈடாகக் கட்டிய மீன் பண்ணைகளிலும் பெரும்பாலான நதியின் கீழ்ப்பாகத்திலேயே அமைந்தன. துறை இழந்த குடிகளோ மேற்பாகத்தில் இருந்தனர்.

எதிர்க் கட்சியையும் நாம் மறைக்கவில்லை. அவ்வணைகள் மின்சாரம் தருகின்றன. ஸ்நேக் நதி அணைகளால் கோதுமைப் படகுகள் கடலினின்று 465 மைல் உள்ளே லூயிஸ்டன் நகர் வரை போய்வருகின்றன. விவசாயியின் கவலை பொய்யன்று. அதனாலன்றோ 2023 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார், நான்கு குடிகளுடனும் இரண்டு மாகாணங்களுடனும் ஒப்பந்தம் செய்து, மின்சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் மாற்று வழி ஆராய இசைந்தது? ஆயின் 2025 ஜூன் மாதத்தில், புதிய ஜனாதிபதி அதை ஒரே கையெழுத்தால் ரத்து செய்தார். ஸ்நேக் நதியின் வசந்த மீன் 1992 முதலே அபாயத்திலுள்ளதெனச் சட்டப்படி பதிவாகியிருக்கிறது. அதற்குக் காத்திருக்கப் போதிய காலமில்லை.

மீளவே வழியில்லை என்போருக்குத் தெற்கேயுள்ள கிளாமத் நதி விடை கூறும். அங்கே நான்கு அணைகளை அகற்றும் வேலை 2024-ல் முற்றுப்பெற்றது. அவ்வருஷம் அக்டோபர் மாதத்திலேயே, நூறாண்டுக்கு மேலாக அடைபட்டிருந்த மேல் ஓடைகளில் ஸால்மன்கள் காணப்பட்டன. வழியை விட்டால் மீன் தானே வருகிறது. அதற்கு எந்த ஷரத்தும் வேண்டுவதில்லை.

எளியோன் கைச்சாத்திட்ட பத்திரம் அவனைக் கட்டுப்படுத்துமாயின், வலியோன் கைச்சாத்தும் வலியோனைக் கட்டுப்படுத்தவேண்டும். பெற்ற நிலத்தை அமெரிக்க சர்க்கார் முழுவதும் திருப்பித் தரவில்லை. ஆகவே வாக்கையும் திரும்பப் பெறுதல் தகாது. 1855-ல் எழுதியது நீர்மேல் எழுத்தாகாதிருக்க வேண்டுமாயின், அந்நீரில் மீன் இருக்கவேண்டும்.