பலகை எழுத்து தெரிந்தால் போதுமா?

பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று அந்தத் தாய் கேட்டுக்கொண்டார். நாளை பெண் கேட்டு வருகிறவர்கள் படித்துவிடக் கூடாது என்பது அவரது கவலை. மகளுக்கு ஒன்பது வயதில் சர்க்கரை வந்தது. இப்போது பதினாறு. ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி பிளஸ் 1 படிக்கிறார். பள்ளியில் நடந்த கண் பரிசோதனையில் பலகையின் கடைசி வரி வரை படித்தவர். "கண்ணு நல்லா இருக்குன்னுதாங்க எழுதிக் கொடுத்தாங்க" என்று அந்தச் சீட்டை எங்களிடம் நீட்டினார் தாய். சென்ற மாதம் அரசு மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தபோது இரண்டு விழித்திரையிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் இருந்தன.

சீட்டும் பொய்யில்லை, மருத்துவர் சொன்னதும் பொய்யில்லை. எழுத்துப் பலகை பார்வையை அளக்கிறது, விழித்திரையைப் பார்ப்பதில்லை. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடியே இருந்தால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பலவீனப்பட்டு ஆங்காங்கே புடைக்கும். அந்தப் புடைப்புகள்தான் முதலில் தெரியும் புள்ளிகள். வலி இருக்காது, மங்கல் இருக்காது. கண்முன் கறுப்பு நூல் மிதப்பதுபோலத் தெரிந்து ஓடி வருவதற்குள் உள்ளே ரத்தம் கசிந்திருக்கலாம். லேசர் சிகிச்சை மேலும் கெடாமல் தடுக்கும், போன பார்வையைப் பெரும்பாலும் மீட்டுத் தராது.

இது இனிப்பு தின்று வந்த நோயல்ல. காலனியில் அந்தத் தாயை அப்படித்தான் ஏசினார்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது முதல் வகை சர்க்கரை. மாத்திரை போதாது, வாழ்நாள் முழுக்க ஊசிதான்.

ஊசியை ஒழுங்காகப் போட்டால் கண் தப்பும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993-இல் வெளிவந்தது. கண் பாதிப்பு இல்லாமல் சேர்ந்தவர்களில், சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரும் ஆபத்து 76 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் தினமும் பலமுறை ஊசி போட்டு, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தவர்கள். இங்கே பரிசோதனைப் பட்டை ஒன்றே கடையில் பதினைந்து, இருபது ரூபாய். நாளுக்கு நான்கு என்றால் கூலி வேலைக்குப் போகும் வீட்டில் யார் வாங்குவது?

விடுதியில் நடப்பதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. இந்தப் பெண் போடும் ஊசிக்கு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும். ஊசி போட்ட பிறகு இரவுச் சாப்பாடு தாமதமான ஒரு நாளில் சர்க்கரை இறங்கி, மயங்கி விழுந்தார். அதன்பின் பயத்தில் தானாகவே அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. நோய் இருப்பது தெரிந்தால் இடம் கிடைக்காதோ என்று சேர்க்கும்போதே மறைத்திருந்தார்கள். முதல் இரண்டு ஆண்டும் ஊசி போட்டது குளியலறையில். தள்ளி உட்கார் என்ற சொல்லை ஏற்கெனவே ஒரு காரணத்துக்காகக் கேட்டு வளர்ந்த பிள்ளை, இன்னொரு காரணத்தைத் தானே எடுத்துக் கொடுக்குமா?

நோய் வந்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆன, 11 வயதைக் கடந்த பிள்ளைகளுக்கு விழித்திரைப் பரிசோதனையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை. இளம் வயதில் மணமாகும் பெண்கள் கருத்தரிக்கும் முன்பே பார்த்துவிடுவது நல்லது. கர்ப்ப காலத்தில் இந்தப் பாதிப்பு வேகமெடுக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-இல் தொடங்கியபின் பெரியவர்களின் சர்க்கரை மாத்திரை காலனி வாசலுக்கே வருகிறது. விடுதிப் பிள்ளையின் விழித்திரையைத் தேடி யாரும் வருவதில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. எந்தப் பிள்ளைக்கு ஊசி என்பது காப்பாளருக்கும் சமையலருக்கும் தெரிந்து, அந்தப் பிள்ளைக்கு நேரத்துக்குச் சோறு கிடைக்க வேண்டும். நோயைச் சொன்னால் இடம் போகாது என்று ஆதிதிராவிடர் நலத்துறை எழுத்தில் சொல்ல வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாள் வண்டி வைத்து இந்தப் பிள்ளைகளை மாவட்ட அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கு அழைத்துப் போகலாம். சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் கண் கூசும், தனியாகப் பேருந்தில் திரும்ப முடியாது. துணைக்கு வரும் தாய்க்கு அன்றைய கூலி போகிறது.

மகளின் புள்ளிகள் ஆரம்ப நிலையில்தான் இருக்கின்றன. லேசர் இப்போது தேவையில்லை, சர்க்கரையைச் சரிசெய்துவிட்டு ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். காப்பாளரிடம் இந்த முறை மறைக்கவில்லை. தட்டு முதலில் தன் மகளுக்கு வருகிறதா என்று தினமும் இரவு ஏழரைக்கு போன் செய்து கேட்கிறார் தாய்.