தாத்தாவின் கண்ணில் புதிய வில்லை

மாணவர்களே, பொழுது சாய்ந்ததும் பினாங்கு சூலியா தெருவில் தாத்தாவோடு நடந்து பாருங்கள். எதிரே வரும் மோட்டார் சைக்கிளின் விளக்கு அவருக்குக் கண்ணைக் கூசுகிறதா? கடைப் பலகைகள் மங்கலாகத் தெரிகின்றனவா? மூக்குக் கண்ணாடியை மாற்றியும் பயனில்லையா? கண்புரையாக இருக்கலாம்.

கண்ணின் வில்லை பெரும்பாலும் நீராலும் புரதத்தாலும் ஆனது. வயதாக ஆகப் புரதங்கள் திரண்டு வில்லை வெளுத்துப்போகிறது. வெந்த முட்டையின் வெள்ளைக்கருவை நினைத்துக்கொள்ளுங்கள். அதை மறுபடி பச்சை முட்டையாக்க முடியுமா? அதனால்தான் சொட்டு மருந்து உதவாது, வில்லையையே மாற்ற வேண்டும்.

இன்றைய அறுவை சிகிச்சைக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வெட்டே போதும். மீயொலியால் அதிரும் ஊசி பழைய வில்லையை உடைத்து உறிஞ்சிவிடும். சார்ல்ஸ் கெல்மன் 1967இல் கொண்டுவந்த முறை இது. அவருக்கு இந்த எண்ணம் தோன்றியது பல் மருத்துவரின் நாற்காலியில்! பின்னர், மடித்த செயற்கை வில்லையை உள்ளே செலுத்துவார்கள்; அது தானாக விரிந்துகொள்ளும்.

செயற்கை வில்லையை 1949இல் லண்டனில் முதன்முதலாகப் பொருத்தியவர் ஹெரால்டு ரிட்லி. ஆனால் அதன் விலை ஏழைகளுக்கு நெடுங்காலம் எட்டவில்லை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆரோலேப் 1992இல் மலிவாகத் தயாரிக்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது.

தாத்தாவுக்கு நீரிழிவு இருந்தால் விழித்திரையையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது பழுதாகியிருந்தால், புதிய வில்லை மட்டும் பார்வையை முழுமையாக மீட்டுத் தராது.