டெங்கு ஒருமுறை வந்தவர் கேட்க வேண்டிய கேள்வி

ஒருமுறை டெங்கு வந்து போனால் இனி பயமில்லை என்று நம்புகிறவர்கள் பலர். டெங்கு வைரஸ் நான்கு வகை. வந்துபோன வகை மீண்டும் தாக்காது. ஆனால் மற்ற மூன்றுக்கு எதிரான காப்பு சில மாதங்களில் மங்கிவிடும். பிறகு வேறு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு முதல்முறையைவிட அதிகம். பழைய ஆன்டிபாடிகள் புது வகையின் மேலுறையில் ஒட்டினாலும் அதை முடக்குவதில்லை. அவற்றைப் பற்றிக்கொண்டே வைரஸ் ரத்த வெள்ளையணுக்களுக்குள் எளிதாக நுழைந்துவிடுகிறது. நோய் எதிர்ப்பின் இன்னொரு அங்கமான டி செல் பார்ப்பது மேலுறையை அல்ல. தொற்றுக்குள்ளான செல், தனக்குள் உருவாகும் வைரஸ் புரதங்களை நறுக்கி, ஒன்பது பத்து அமினோ அமிலங்கள் கொண்ட துணுக்குகளை எச்.எல்.ஏ. மூலக்கூறுகளில் ஏந்தி வெளியே காட்டும். டி செல் அடையாளம் காண்பது அந்தத் துணுக்கை. என்.எஸ்.3, என்.எஸ்.5 போன்ற உட்புரதங்கள் நான்கு வகைகளிலும் பெரிதும் ஒத்திருப்பதால், ஒன்றில் பழகிய டி செல் இன்னொன்றையும் பிடித்துவிடும்.

இந்தப் பழக்கமே கேடு என்ற வாதமும் உண்டு. தாய்லாந்துக் குழந்தைகளிடம் நடந்து 2003இல் வெளியான ஆய்வில், டி செல்கள் பல, அப்போது தாக்கிய வகையைவிட முந்தைய வகையோடுதான் நன்றாகப் பொருந்தின. ஆனால் அது நோய் வந்த பிறகு எடுத்த ரத்தம். வைரஸ் பெருகியதால் டி செல்கள் கூடினவா, டி செல்களால் நோய் முற்றியதா என்பதை அதை வைத்துப் பிரிக்க முடியாது. கொழும்பில் ரத்ததானம் செய்தவர்களை ஆராய்ந்து 2013இல் வந்த ஆய்வு வலுவான டி செல் எதிர்வினையைக் கடுமையற்ற நோயோடு இணைத்தது. டி செல்கள் பெரும்பாலும் காக்கின்றன என்பதே என் கணிப்பு.

அப்படியானால் ஒரு தடுப்பூசி வைரஸின் எந்தப் பகுதியை உடலுக்குக் காட்டுகிறது என்பது முக்கியம். டெங்வாக்சியா என்ற டெங்கு தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின்மேல் டெங்குவின் மேலுறையைப் போர்த்தியது. டெங்குவின் உட்புரதங்கள் அதில் இல்லை. பிலிப்பைன்ஸில் 2016 முதல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் போட்டார்கள். முன்பு டெங்கு வராதவருக்கு இது பின்னாளில் கடும் டெங்கு அபாயத்தைக் கூட்டலாம் என்று 2017 நவம்பரில் அதைத் தயாரித்த நிறுவனமே அறிவித்தது. உட்புரதம் இல்லாதது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, மேலுறை ஆன்டிபாடிகளுக்கும் பங்குண்டு. முன்தொற்றை ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்து போடுவதே நல்லது என்று உலக சுகாதார அமைப்பு 2018இல் கூறியது. இதையெல்லாம் பேசினால் தடுப்பூசிப் பயம் பரவாதா? பரவும், தாமதமாகப் பேசினால் இன்னும் வேகமாக. பிலிப்பைன்ஸில் தடுப்பூசி நம்பிக்கை சரிந்தது; 2019இல் தட்டம்மை பெருகியது.

எனவே டெங்கு தடுப்பூசி எதுவானாலும், முன்பு டெங்கு வராதவருக்கு அது எப்படி வேலை செய்தது என்று கேளுங்கள். காய்ச்சலோடு போனால், முன்பு வந்த டெங்குவையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் வேண்டாம். காய்ச்சல் இறங்கும் நேரத்தில் கடும் வயிற்றுவலியோ ஓயாத வாந்தியோ ஈறில் ரத்தமோ கண்டால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். புதிய டெங்கு தடுப்பூசிக்கான சோதனையில் சேர நினைத்தால் இதையும் அறிந்திருங்கள்: இந்தியாவில் அப்படிச் சேர்பவருக்கு ஒப்புதல் படிவத்தின் நகல் தந்தாக வேண்டும்; சோதனையால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் 2019ஆம் ஆண்டு மருத்துவச் சோதனை விதிகளின்படி அவருக்கு உரியவை.