மங்கும் வெயிலும்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் சித்திரை மாதத்து நண்பகலில் நடந்தவர்க்கு வெயிலின் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. கரிசல் நிலத்தில் நிழலென்று ஒதுங்கச் சீமைக்கருவேலையே பெரும்பாலும் உண்டு. இவ்வெயிலில் உழைக்கும் பெண்கள் சிலரின் நெற்றியிலும் கன்னங்களிலும் மேலுதட்டிலும் பழுப்பு நிறத் திட்டுகள் படர்வதைக் கண்டிருப்பீர்கள். நம் மக்கள் அதனை 'மங்கு' என்பர். மருத்துவர் 'மெலாஸ்மா' என்பர். சனியின் மேல் பழி போடுவோரும் உளர்.

திருச்சுழியை அடுத்த சிற்றூரில் வாழும் என் தமக்கையாருக்குத் தலைப்பிள்ளையைச் சுமந்தபோது மங்கு தோன்றியது. பிள்ளை பிறந்த பின்னும் அது மறையவில்லை. யாரோ சொன்னார்கள் என்று கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசினார். முதல் மாதம் முகம் வெளுத்தது, வீட்டார் மகிழ்ந்தனர். நான்காம் மாதம் முகம் சிவந்து, பருக்கள் எழுந்து, மெல்லிய குருதி நாளங்கள் வெளியே தெரிந்தன. களிம்பை நிறுத்தினாலோ எரிச்சல் தாங்கவில்லை. உறையை வாங்கிப் படித்தேன். பீட்டாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து அதில் இருந்தது.

மங்கு தோன்றுவது எவ்வாறு? மேல்தோலின் அடிவரிசையில் மெலனோசைட்டு என்னும் உயிரணுக்கள் உள்ளன. அவை ஆக்கும் மெலனின் என்னும் நிறப்பொருள், வெயிலைத் தடுக்க உடல் விரிக்கும் குடையாகும். கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன்கள் பெருகி அவ்வணுக்களைத் தூண்டுகின்றன. கருத்தடை மாத்திரைகளாலும் சிலருக்கு இவ்வாறு நேர்வதுண்டு. ஹார்மோன் உழுதுவைத்த கரிசல் எனின், வெயில் அதில் பெய்யும் மழை. பிள்ளைப்பேற்றுக்குப் பின் ஹார்மோன் தணிவதால் பலருக்குச் சில மாதங்களில் மங்கு குறைகிறது. ஓயாது வெயிலில் நிற்பவருக்கோ தங்கிவிடுகிறது. குடும்ப வழியும் ஒரு காரணம். ஆண்களுக்கும் இது வருவதுண்டு.

ஆகவே முதல் மருந்து மறைப்பே. நம் ஊர்த் தறித் துணியைச் சூரியனுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவாத நெருக்கமான நெசவே முக்காட்டுக்கு ஏற்றது. அகன்ற விளிம்புள்ள தொப்பியும் நன்று. வெயில் காப்புக் களிம்பு பூசுவோர் காப்பு எண் 30-க்குக் குறையாததைத் தேர்ந்து, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணிக்கொரு முறை பூச வேண்டும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியும் மங்கை வளர்ப்பதால், இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள களிம்பு மேலானது. எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலிற் செல்லாதீர்கள். தோல் வெந்து கருமை மிகும்.

அடுத்தது மருத்துவம். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், மென்மையான ஸ்டீராய்டு ஆகிய மூன்றையும் சேர்த்துத் தோல் மருத்துவர்கள் தருவதுண்டு. ஆனால் அது இரவில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும். கருவுற்றோர்க்கு அது ஆகாது. ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் நீலக் கருமையே படியக்கூடும். ஸ்டீராய்டின் தீங்கை முன்னரே கண்டோம். அதனாலேயே 2018-இல் இந்திய அரசு, பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. பாதரசம் கலந்த வெளுப்புக் களிம்புகள் இன்னும் கொடியவை. பாதரசம் தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

என் தமக்கையார் மருத்துவரிடம் சென்றார். பழைய களிம்பின் தீங்கு ஆறவே பல மாதங்கள் ஆயின. மங்கு இன்று முழுவதும் போகவில்லை, மங்கியிருக்கிறது. முக்காட்டை மறந்த கோடையில் மீண்டும் தலைகாட்டுகிறது. இது அடக்கி வைக்கத் தக்கதேயன்றி அடியோடு அகற்றத் தக்கதன்று என்று மருத்துவர் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார்.

மாணவர்களே, மங்கு தொற்றாது. உயிருக்கு ஊறும் செய்யாது. அதனை எள்ளும் சொல்லே ஒரு பெண்ணை அந்தக் கடைக் களிம்பிடம் அனுப்புகிறது. உங்கள் வீட்டில் எவரேனும் களிம்பு பூசக் கண்டால், முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் உறையைப் படித்துப் பாருங்கள்.