நிரம்பாத கட்டத்துக்கு யாரிடம் கேட்பது? தமிழ்க் குறுக்கெழுத்தை அவிழ்க்கச் சில வழிகள்

"மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே ஏ9 வீதியோரத்து ஊர், பழைய கற்கோயிலால் அறியப்பட்டது (4)."

ஞாயிறு பத்திரிகையின் குறுக்கெழுத்தில் இப்படி ஒரு குறிப்பு வந்தால், அந்த வீதியால் கண்டிக்குப் போய்வந்தவர்கள் உடனே 'நாலந்தா' என்று எழுதிவிடுவார்கள். போகாதவர்கள் பேனையைக் கீழே வைப்பார்கள். அதன் பிறகு என்ன செய்வது? பலர் அடுத்த வாரம் விடை வரும்வரை காத்திருக்கிறார்கள். சிலர் வாயில் வந்த சொல்லை எழுதி, சுற்றியுள்ள சொற்களையும் கெடுத்துவிடுகிறார்கள். இரண்டும் தேவையில்லை. கடினமான குறுக்கெழுத்துக்கு உதவி மூன்று இடங்களில் இருக்கிறது: கட்டத்துக்குள், புத்தகத்துக்குள், மனிதர்களிடம். அதே ஒழுங்கில் தேடுவது நல்லது.

கட்டம் தரும் உதவி

குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21ஆம் திகதி 'நியூயோர்க் வேர்ல்ட்' பத்திரிகையில் பிறந்தது. அதை அமைத்தவர் லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின். ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். தமிழுக்கு 247. ஒரு கட்டத்தில் ஓர் உயிரோ, ஒரு மெய்யோ, ஓர் உயிர்மெய்யோ நிற்கும். 'நாலந்தா' என்பது நா, ல, ந், தா என நான்கு கட்டம். புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் கட்டம் என்பதை மறந்தால் எண்ணிக்கை பிழைத்துவிடும்.

எழுத்துகள் அதிகம் என்பதால் தமிழ்க் குறுக்கெழுத்து கடினம் என்பார்கள். ஆனால் அந்த எழுத்துகள் நினைத்த இடத்தில் நிற்பதில்லை. சொல்லின் முதற்கட்டத்தில் மெய் வராது. தூய தமிழ்ச் சொற்கள் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகளில் தொடங்குவதில்லை. ரயில், லட்சம், டிசம்பர் போன்றவை பிறமொழிகளிலிருந்து வந்தவை. தமிழ்ச் சொல்லின் கடைசிக் கட்டத்தில் க், ச், ட், த், ப், ற் நிற்பதில்லை.

நடுவில் வரும் மெய் இன்னும் நல்ல துப்பு. ங் வந்தால் அடுத்த கட்டம் பெரும்பாலும் க வரிசை, ஞ் வந்தால் ச வரிசை, ந் வந்தால் த வரிசை. 'முந்நூறு' போன்ற விதிவிலக்குகள் மிகச் சில. நாலந்தாவின் மூன்றாவது கட்டத்தில் ந் தெரிந்துவிட்டால், நான்காவது த, தா, தி, து என்ற வரிசைக்குள் அடங்கிவிடும். அதே ந் வழியாக மேலிருந்து கீழே இன்னொரு சொல் இறங்கினால், அங்கும் அடுத்த கட்டம் த வரிசைதான். ஒரு புள்ளி எழுத்து இரண்டு சொற்களைத் திறந்துவிடுகிறது. ஆகவே முதலில் மெய்யெழுத்துகளைத் தேடுங்கள்.

எமது பத்திரிகைகளில் 'குழம்பியுள்ளது', 'திரும்பியுள்ளது' என்று அடைப்புக்குறிக்குள் போட்ட குறிப்புகளையும் பார்க்கலாம். அங்கே விடையின் எழுத்துகள் இடம்மாறியோ பின்னிருந்து முன்னாகவோ கட்டத்தில் நிற்கும். மேலே சொன்ன விதிகள் அந்தச் சொல்லுக்குச் செல்லாது. அவற்றைக் கடைசிக்கு விட்டு, குறுக்கே வரும் சொற்களால் எழுத்துகளைச் சேர்த்துக்கொள்வதே வழி.

குறிப்பைப் பிரித்துப் படிப்பது

நேர்க் குறிப்பில் ஒரு பொருள்தான் இருக்கும். பூடகக் குறிப்பில் இரண்டு பகுதிகள்: ஒன்று விடையின் பொருள், மற்றது விடையைக் கட்டும் வழி. அமெரிக்காவிலிருந்து வெளிவரும் 'தென்றல்' இதழில் வாஞ்சிநாதன் இந்த வகையைத் தமிழில் தொடர்ந்து செய்துகாட்டியவர்.

இங்கே விளக்கத்துக்காக அமைத்த இரண்டைப் பாருங்கள். "நரகம் குழம்பினால் பட்டணம் (4)." 'குழம்பினால்' என்பது எழுத்துகளை மாற்றி அடுக்கச் சொல்கிறது, 'பட்டணம்' பொருள். ந, ர, க, ம் என்பதை மாற்றினால் நகரம். அடுத்தது: "சிரசின்பின் பேனைக்குள் இருப்பது வந்தால் வழிநடத்தும் பொறுப்பு (3)." சிரசு தலை, பேனைக்குள் இருப்பது மை, சேர்ந்தால் தலைமை.

பொருளைத் தரும் பகுதி பெரும்பாலும் குறிப்பின் தொடக்கத்தில் அல்லது முடிவில்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

புத்தகம் தரும் உதவி

ஒரு பொருளுக்குப் பல சொற்களைத் தேடுவதுதான் குறுக்கெழுத்தின் பெரும்பங்கு வேலை. தமிழில் அதற்கென்றே நிகண்டுகள் இருந்தன. திண்ணைப் பள்ளிகளில் மாணவர் அவற்றை மனப்பாடம் செய்தார்கள். 1842இல் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வெளியிட்ட யாழ்ப்பாண அகராதி, தமிழ்ச் சொல்லுக்குத் தமிழிலேயே பொருள் தந்தது. ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையில் அச்சிட்ட நூல்களில் சூடாமணி நிகண்டின் உரையும் ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி 1924 முதல் 1936 வரை தொகுதிகளாக வந்தது. இன்று அதை சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

ஆனால் எம்மில் பலரது வீட்டில் அகராதி இல்லை. இடம்பெயர்ந்தவர்கள் அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கினார்கள். புத்தகத்தைத் தூக்க முடியவில்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் மட்டும் சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. தப்பியவற்றில் கிடைத்தவற்றை 2005 முதல் 'நூலகம்' எண்ணிம நூலகம் இணையத்தில் சேர்த்துவருகிறது. பழைய ஈழத்துப் பத்திரிகைகளும் சஞ்சிகைகளும் அங்கே படிக்கக் கிடைக்கின்றன.

கைத்தொலைபேசியில் விடை தேடுவோருக்கு ஓர் எச்சரிக்கை. 'நாலந்தா'வைக் கணினி நான்கு எழுத்தாகச் சேமிப்பதில்லை. காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகளாக, மொத்தம் ஏழாகச் சேமிக்கிறது. எனவே "நான்கெழுத்துச் சொல் சொல்" என்று ஒரு செயலியைக் கேட்டால் எண்ணிக்கை தவறக்கூடும். விரல்விட்டு நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மனிதர்கள் தரும் உதவி

எந்த அகராதியும் கைவிடும் இடம் ஒன்று உண்டு. "அமர உதவுவது (3)" என்ற குறிப்புக்குச் சென்னையில் வளரும் பிள்ளை 'நாற்காலி' என்று நினைத்து, நான்கு கட்டம் வேண்டுமே என்று திகைக்கும். எமது வீட்டில் அது கதிரை. போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். சமையலறை குசினி. சோப்பு மூன்று கட்டம், சவர்க்காரம் ஏழு. மிதிவண்டிக்கு ஐந்து கட்டம், துவிச்சக்கரவண்டிக்குப் பத்து. குறுக்கெழுத்தை அமைத்தவர் எந்த ஊரின் தமிழில் நினைத்தார் என்பதைக் கட்டங்களின் எண்ணிக்கை காட்டிக்கொடுக்கும்.

டொரன்டோவிலோ லண்டனிலோ பிறந்த பிள்ளைக்கு இந்தச் சொற்கள் புத்தகத்தால் வருவதில்லை. அம்மம்மாவிடம் கேட்டால்தான் வரும். கலப்பையின் உறுப்புகள், வலையின் வகைகள், தேயிலைக் கொழுந்து பறிக்கும் இடத்தின் பேச்சு எல்லாம் அந்தந்தத் தொழிலில் இருந்தவர்களின் வாயில் இருக்கின்றன. யுத்தம் காணியிலிருந்தும் கடலிலிருந்தும் எம்மைப் பிரித்தபோது, அங்கே புழங்கிய சொற்களும் பிரிந்தன. அவற்றை அறிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. நேரடியாக "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் மௌனமாகிவிடும் ஒருவர், "ஏருக்கு ஐந்தெழுத்தில் வேறு என்ன பெயர்?" என்று கேட்டால் பேசத் தொடங்கக்கூடும்.

உதவி கேட்பது ஏமாற்று அல்ல. பரிசுப் போட்டிக்கும் பல வீடுகளில் குடும்பமாகச் சேர்ந்துதான் விடை நிரப்புகிறார்கள். நேர்மைக்கு ஒரு வழக்கம் போதும்: விடையைக் கேட்காதீர்கள், ஓர் எழுத்தை அல்லது ஒரு துப்பைக் கேளுங்கள். தெரிந்தவரும் முழுவதையும் சொல்லிவிடாமல், கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியை விட்டுவைக்கலாம்.

யுத்தகாலமும் குறுக்கெழுத்தும்

குறுக்கெழுத்தை வெறும் பொழுதுபோக்கு என்று பல ஆண்டுகள் ஒதுக்கிவைத்த 'நியூயோர்க் டைம்ஸ்', பேர்ள் துறைமுகத் தாக்குதலுக்குப் பின்னர் மனம்மாறியது. விளக்கணைத்துக் காத்திருக்கும் இரவுகளில் வாசகருக்கு ஏதாவது வேண்டும் என்று கருதி, 1942 பெப்ரவரி 15இல் மார்கரெட் ஃபரரின் பொறுப்பில் தனது முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டது. எமக்கு மறுபக்கம் நடந்தது. 2006 ஓகஸ்டில் ஏ9 வீதி மூடப்பட்ட பின்னர் குடாநாட்டில் பத்திரிகை அச்சிடும் தாளுக்கே தட்டுப்பாடு வந்து, பக்கங்கள் சுருங்கின.

இன்று அதே வீதியில் பத்திரிகைகள் போகின்றன. அந்த வீதியோரத்து நாலந்தாவில் உள்ள கற்கோயிலான கெடிகே, பல்லவர் கட்டடக்கலையை ஒத்தது. போவதென்ன நீர்த்தேக்கத்துக்காக 1970களில் அதைக் கல்கல்லாகக் கழற்றினார்கள். 1980இல் மேட்டுநிலத்தில் திரும்ப அடுக்கி முடித்தார்கள். எந்தக் கல் எதன் அருகில் இருந்தது என்று தெரிந்திருந்ததால்தான் அது முடிந்தது. கட்டத்திலும் அப்படித்தான்: அடுத்த எழுத்து உறுதியாகும்வரை பென்சிலால் எழுதுங்கள், தெரியாததை வெறுமையாக விடுங்கள். இந்த ஞாயிறு ஒரு கட்டம் நிரம்பாமல் நின்றால், பதிலுக்காக அடுத்த வாரம்வரை காத்திராமல் ஊரில் உள்ள வயதானவர் ஒருவருக்கு அழைப்பு எடுங்கள். அவர் சொல்லும் சொல் கட்டத்தில் பொருந்தாவிட்டாலும் பக்க ஓரத்தில் எழுதிவையுங்கள்.