அலுமாரியில் கிடக்கும் ஒளிநாடாக்களுக்கு வீட்டிலேயே ஒரு களஞ்சியம்

1980களிலும் 1990களிலும் புலம்பெயர்ந்த எம்மவரின் வீடுகள் பலவற்றில், அலுமாரியின் மேற்தட்டில் இன்றும் ஒரு பெட்டி இருக்கும். ஊரில் நடந்த திருமணம், பூப்புனித நீராட்டு விழா, கோவில் தேர், பேரனாரின் மரணச்சடங்கு என்று உறவினர்கள் வீடியோவிற் பிடித்து, தபாலிலும் கைமாறியும் அனுப்பிய நாடாக்கள் அவை. அப்படங்களிலுள்ள வீடுகள் பல இன்று இல்லை. ஆட்களிலும் பலர் இல்லை.

அந்நாடாக்களின் ஆயுளும் முடிந்துகொண்டு வருகிறது. காந்தப் பூச்சு காலப்போக்கிற் கெடுகிறது; ஈரலிப்பிற் பூஞ்சணம் பிடிக்கிறது. பூஞ்சணம் பிடித்த நாடாவை ஓடவிட்டால் நாடாவோடு கருவியும் பழுதாகும். கருவியோ இனிப் புதிதாகக் கிடையாது. கடைசிவரை அதைத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது.

கனடாவில் வாழ்வோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இலங்கையிற் பதிவானவை ‘பால்’ முறையைச் சேர்ந்தவை. வட அமெரிக்கக் கருவிகள் ‘என்.ரி.எஸ்.சி.’ முறையைச் சேர்ந்தவை. ஊரிலிருந்து வந்த கசெற் இங்கே படமாகத் தெரியாத அனுபவத்தைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். கணனிக்கு மாற்றும்போதும் இரு முறைகளையும் ஏற்கும் கருவியையே தேடவேண்டும். அக்காலத்திற் கடையிற் கொடுத்து மாற்றிய பிரதி இருந்தாலும், மூலநாடாவிலிருந்து எடுப்பதே தெளிவாக வரும்.

மாற்றியவற்றை எங்கே வைப்பது? யூரியூப்பிலோ முகநூலிலோ ஏற்றிவிடுவது இலகு. ஆனால் அப்படங்களில் ஊரில் இன்னமும் வாழ்பவர்களின் முகங்கள் உண்டு. புகலிடக் கோரிக்கை முடிவாகாதவர்களின் குடும்பத்தாரும் இருக்கலாம். யார் பார்ப்பது என்பதை நாமே தீர்மானிக்கவேண்டுமாயின், வீட்டிலுள்ள ஒரு கணனியையே சேவையகமாக்குவது தக்க வழியாகும்.

இதற்கு ‘ஜெலிஃபின்’ என்ற இலவச மென்பொருள் உண்டு. ‘எம்பி’ என்ற மென்பொருள் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து உருவானது இது. எந்த நிறுவனத்திடமும் கணக்குத் திறக்கவேண்டியதில்லை. பலரறிந்த ‘பிளெக்ஸ்’ 2025 ஏப்ரல் முதல், வீட்டுக்கு வெளியேயிருந்து பார்ப்பதற்குக் கட்டணம் கேட்கிறது. சொந்தத் திருமணப் படத்தைப் பார்க்கவும் வாடகையா என்று கேட்கத் தோன்றுகிறது.

பழைய மடிகணனி ஒன்றே போதும். படங்களை எச்.264 வடிவிற் சேமித்தால், பார்க்கும்வேளையிற் கணனி அதிகம் உழைக்கவேண்டியதில்லை. விநாடிக்கு 8 மெகாபிற் வீதம் எடுத்தால் 100 மணி நேரப் படம் 400 கிகாபைற்றுக்குள் அடங்கிவிடும். 15 வாற் இழுக்கும் மடிகணனி ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறத்தாழ 131 அலகு மின்சாரம் செலவாகும். 60 வாற் இழுக்கும் மேசைக்கணனிக்கு அது 525 அலகாகும்.

பிறநாட்டு உறவினர்கள் பார்ப்பதற்காக ரூட்டரின் வாசலை இணையத்துக்குத் திறந்துவிடுதல் ஆகாது. ‘வயர்காட்’ போன்ற மறைகுறியீட்டுத் தனிவழியினூடாக அவர்களை உள்ளே எடுக்கலாம். முகாம் அறைகளில் வசிப்போர் இவற்றைத் தள்ளிவைத்து, இப்போதைக்கு இரண்டு வெளித்தட்டுகளிற் பிரதியெடுத்து வைத்தாலே போதும்.

சேவையகம் ஒன்று இருப்பதனாற் படங்கள் காப்பாற்றப்பட்டுவிட்டன என்று கருதலாகாது. தட்டு எந்நாளும் பழுதாகலாம். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு பிரதி வேறிடத்தில் என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் விதி. வேறிடத்துக்கு எம்மிடம் பஞ்சமில்லை. அண்ணன் பாரிசில், தங்கை ரொறன்ரோவில் என்றுதானே குடும்பங்கள் இருக்கின்றன.

படங்களுக்குப் பெயரிடும்போது ஆண்டு, ஊர், நிகழ்வு என்ற ஒழுங்கில் இடலாம். அதற்குமுன் வீட்டிலுள்ள முதியவர்களை அருகில் இருத்தி, திரையில் வருவோர் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும். அவர்களில் அரைவாசிப்பேரைக்கூடப் பிள்ளைகளுக்குத் தெரியாது.