ஏழு முக்கோணங்கள்

நேர்கோடுகளால் அடைபட்ட உருவங்களுள் மிகக் குறைந்த பக்கங்களை உடையது முக்கோணம். இரண்டு நேர்கோடுகள் ஓர் இடத்தை அடைக்கமாட்டா; மூன்றாவது கோடு வந்து சேர்ந்த பின்னரே உருவம் பிறக்கிறது. மூன்று பக்கங்கள், மூன்று கோணங்கள். இவ்வளவே முக்கோணத்தின் உடைமை. இச்சிறிய உடைமையைக் கொண்டே மக்கள் பரந்த நிலத்தை அளந்தனர். ஏற முடியாத மலைகளின் உயரத்தையும் கண்டனர். அத்தகைய முக்கோணத்தை இனம் பிரித்து அறிவது எவ்வாறு?

அதற்கு இரண்டு வழிகள் உள்ளன. பக்கங்களை நோக்குவது ஒன்று. கோணங்களை நோக்குவது மற்றொன்று. மூன்று பக்கங்களும் சமமாயின் அது சமபக்க முக்கோணம். இரண்டு பக்கங்கள் சமமாயின் இருசமபக்க முக்கோணம். மூன்றும் வெவ்வேறு அளவினவாயின் அசமபக்க முக்கோணம். இனிக் கோணங்களை நோக்குவோம். மூன்று கோணங்களும் 90 பாகைக்குக் குறைந்தனவாயின் அது குறுங்கோண முக்கோணம். ஒரு கோணம் சரியாக 90 பாகையாயின் செங்கோண முக்கோணம். ஒரு கோணம் 90 பாகையினும் மிகுந்ததாயின் விரிகோண முக்கோணம்.

இப்பெயர்களைத் தொடக்கப் பள்ளிச் சிறுவர் விரைவில் மனப்பாடம் செய்துவிடுவர். ஆயினும் புத்தகத்தில் அடிப்பக்கம் கீழே இருக்குமாறு வரைந்த படத்தையே பார்த்துப் பழகியவர், அதே படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினால் திகைப்பர். உருவம் சாய்ந்தாலும் கவிழ்ந்தாலும் அதன் பக்கங்களும் கோணங்களும் மாறுவதில்லை என்பதை அவர்கள் கையால் செய்து அறிதல் வேண்டும். உங்கள் தம்பி தங்கையர்க்கு நீங்களே இதனைக் கற்பிக்கலாம். தென்னை ஈர்க்குகள் சிலவும், அட்டைத் துண்டு ஒன்றும் போதும்.

ஈர்க்குகளை 3, 4, 5, 6, 7, 8 சென்டிமீட்டர் நீளங்களில் பலவாக நறுக்கிக்கொள்ளுங்கள். மூன்று மூன்றாக எடுத்து முனைகளைப் பொருத்தச் சொல்லுங்கள். 5, 5, 5 சமபக்க முக்கோணமாகும். 5, 5, 6 இருசமபக்க முக்கோணமாகும். 3, 4, 8 என்பவற்றை எடுத்த சிறுவன் எவ்வளவு முயன்றாலும் முனைகள் கூடமாட்டா. இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிட மிகுதியாக இருந்தால்தான் முக்கோணம் அமையும் என்பதை அவன் தானே கண்டுகொள்வான்.

பின்னர் அட்டையின் மூலையைக் கோணங்களில் வைத்துப் பார்க்கச் செய்யுங்கள். அம்மூலை செங்கோணம். 3, 4, 5 ஈர்க்குகளால் ஆகிய முக்கோணத்தின் ஒரு கோணத்தில் அது சரியாகப் பொருந்தும். 4, 5, 6 முக்கோணத்தின் கோணங்கள் யாவும் அதனினும் குறுகியிருக்கும். 3, 5, 7 முக்கோணத்தில் ஒரு கோணம் அதனினும் விரிந்திருக்கும். மூன்றும் அசமபக்க முக்கோணங்களே. ஆயினும் கோணத்தால் வேறு வேறு இனத்தன. ஒரு மனிதர்க்கு ஊரும் தொழிலும் இருப்பது போல, ஒவ்வொரு முக்கோணத்திற்கும் பக்கத்தால் ஒரு பெயரும் கோணத்தால் ஒரு பெயரும் உண்டு.

பக்கத்தால் மூன்று, கோணத்தால் மூன்று. ஆகவே இனங்கள் ஒன்பது என்று தோன்றும். ஆனால் சமபக்க முக்கோணத்தின் கோணம் ஒவ்வொன்றும் 60 பாகையே. அது செங்கோணமாகவோ விரிகோணமாகவோ ஆக இயலாது. ஒன்பதில் இரண்டு நீங்க, எஞ்சுவன ஏழு. அவற்றுள் 5, 5, 8 விரிகோண இருசமபக்க முக்கோணம். சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்தால் வருவது செங்கோண இருசமபக்க முக்கோணம்.

கைக்குள் அடங்கும் முக்கோணத்திற்கு உரிய விதியே ஊர்களை முனைகளாகக் கொண்ட முக்கோணத்திற்கும் உரியது. கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய மூன்றையும் நிலப்படத்தில் நேர்கோடுகளால் இணையுங்கள். நேர்த்தொலைவாகக் கடலூருக்கும் சிதம்பரத்திற்கும் இடையே ஏறத்தாழ 39 கிலோமீட்டர்; சிதம்பரத்திற்கும் விருத்தாசலத்திற்கும் 42; விருத்தாசலத்திற்கும் கடலூருக்கும் 55. சிதம்பரத்தில் அமையும் கோணம் பார்வைக்குச் செங்கோணமாகவே தோன்றும். அளந்தால் அது ஏறத்தாழ 85 பாகையே. மற்றவை 50, 45 பாகை அளவின. ஆகவே இது குறுங்கோண அசமபக்க முக்கோணம். கண் கூறியதைக் கோணமானி திருத்திவிட்டது.

விருத்தாசலத்தை விடுத்துப் பரங்கிப்பேட்டையை மூன்றாவது முனையாகக் கொள்வோம். இப்பொழுது பரங்கிப்பேட்டையில் அமையும் கோணம் 140 பாகை அளவுக்கு விரிந்துவிடும். கடலூரில் உள்ள கோணமோ 15 பாகைக்கும் குறைவு. இது மெலிந்து நீண்ட விரிகோண அசமபக்க முக்கோணம்.

இந்த வேறுபாட்டினால் விளையும் பயன் யாது? நில அளவையாளரைக் கேட்டால் கூறுவர். ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் நடந்து அளக்காமலே கணக்கிடலாம். ஆனால் முக்கோணம் மிக மெலிந்திருந்தால், கோணத்தில் நேரும் சிறு பிழையும் பக்கத்தின் நீளத்தில் பெரும் பிழையாகப் பெருகும். ஆதலின் அவர்கள் மிகக் குறுகிய கோணங்களை விலக்கி, கூடியவரை சமபக்க முக்கோணத்தை ஒத்த வடிவங்களையே நாடினர்.

இம்முறையில் நம் நாட்டை அளக்கும் பெரும்பணி தமிழ்நாட்டிலேயே தொடங்கிற்று. 1802ஆம் ஆண்டில் வில்லியம் லாம்டன் என்பவர், சென்னைப் பரங்கிமலையிலிருந்து தெற்கே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளந்தார். அக்கோட்டின்மீது ஒரு முக்கோணம், அதன் பக்கத்தின்மீது மற்றொன்று என முக்கோணங்கள் தொடர்ந்தன. பூமியின் ஒரு பாகை நீளத்தைக் காண அவர் முதலில் அளந்த வில்லின் தென்முனை, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் அமைந்தது. வடமுனை சென்னைக்கும் வடக்கே இருந்தது. மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில், உயர்ந்த கோயில் கோபுரங்களே அளவை நிலையங்களாக உதவின. அவ்வாறு தொடங்கிய அளவைப்பணி, பிற்காலத்தில் இமயம் வரை சென்று, எவரெஸ்ட் சிகரத்தின் உயரத்தையும் கணக்கிட்டது.

ஒரு முக்கோணத்தின் பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாதலின், ஒன்றில் நேர்ந்த பிழை அதனோடு நில்லாது; அடுத்ததற்கும் செல்லும். பொருத்தமான முக்கோணத்தைத் தேர்ந்தெடுக்க அதன் இனம் அறிதல் இன்றியமையாதது. ஈர்க்கை வைத்து விளையாடும் சிறுவன், தோற்றத்தைக் கண்டு பெயரிடாமல் அளந்து பார்த்துப் பெயரிடுவானாயின், அந்த அளவையாளர் கைக்கொண்ட ஒழுங்கையே அவனும் கற்கத் தொடங்கிவிட்டான் எனலாம்.